வா. சா. காய்தோண்டே

வாசுதேவ் சாந்து காய்தோண்டே (1924–2001) இந்திய நவீன ஓவியத்தில் அருவப் பாணியை அதன் எல்லைவரை கொண்டுசென்ற கலைஞர். மனிதர், மரம், வீடு என அடையாளம் காணத்தக்க எதையும் சித்திரிக்காமல் வண்ணம், கோடு, பரப்பு ஆகியவற்றாலேயே அமைவது அருவ ஓவியம் எனப்படும். இயற்கை உருவங்களைச் சுருக்கியும் சிதைத்தும் பெறுகிற அருவத்திலிருந்து தம் படைப்புகளை வேறுபடுத்திக் காட்ட விரும்பிய காய்தோண்டே, அவை எப்பொருளிலிருந்தும் புறப்படாதவை என்பதால் ‘பொருள்சாரா ஓவியம்’ என்ற பெயரையே ஏற்றார்.

கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் நாகபுரியில் பிறந்த அவர், மும்பை சர் ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்று 1948இல் பட்டயம் பெற்றார். எஃப். என். சூசா, எஸ். எச். ராசா, எம். எஃப். உசேன் முதலியோர் தொடங்கிய முற்போக்குக் கலைஞர் குழுவுடன் 1950இல் தொடர்பு கொண்டார். அவருடைய தொடக்ககால ஓவியங்களில் இந்தியச் சிற்றோவியங்களின் தட்டையான வண்ணப் பரப்பும் சுவிட்சர்லாந்தில் பிறந்த பவுல் கிளேயின் கோட்டு நயமும் கலந்திருந்தன; ஐம்பதுகளின் இறுதிக்குள் உருவங்கள் அவற்றிலிருந்து முற்றிலும் நீங்கிவிட்டன. 1957இல் தோக்கியோவில் நடந்த இளம் ஆசியக் கலைஞர் கண்காட்சியில் பரிசு பெற்ற அவர், 1964இல் ராக்பெல்லர் நல்கை பெற்று நியூயார்க் சென்றார். அங்கு மார்க் ரோத்கோ போன்றோரின் அருவ ஓவியங்களைக் கண்டார் என்பதைக் கொண்டு அவருடைய பாணி அமெரிக்காவில் உருவானதாகக் கருதுவது பொருந்தாது. பயணத்திற்கு முன்பே, ஜென் பௌத்தச் சிந்தனையில் ஈடுபட்டிருந்த காலத்திலேயே, அவர் உருவத்தைக் கைவிட்டிருந்தார்.

காய்தோண்டேயின் தனித்தன்மை அவருடைய செய்முறையில் தெளிவாகப் புலப்படுகிறது. தூரிகையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, உருளையையும், வண்ணத்தைப் பரப்பவும் சுரண்டவும் பயன்படும் தட்டையான வண்ணக்கத்தியையும் அவர் கையாண்டார். எண்ணெய் வண்ணத்தை மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஈரம் காயுமுன் சில இடங்களில் வழித்தெடுத்து, அடியிலுள்ள நிறம் மேற்படலத்தின் ஊடே கசிந்து தெரியுமாறு செய்தார். கிழித்த தாள்துண்டுகளைக் கொண்டு வண்ணத்தைப் பதித்தும் ஒற்றியெடுத்தும், எழுத்துப்போல் தோன்றினாலும் எந்த மொழிக்கும் உரியதாகாத குறிகளை உண்டாக்கினார். பரப்பின் உள்ளிருந்தே ஒளி எழுவதுபோன்ற தோற்றம் இப்படலங்களால் வருவதாகையால், அச்சுப்படங்களில் இவற்றின் சிறப்பில் பெரும்பகுதி இழக்கப்படுகிறது. வண்ணம் தானாகப் பரவுவதற்கு இடமளித்தாலும் அதைத் தற்செயலுக்கு முழுமையாக விட்டுவிடாத இக்கட்டுப்பாடே அவருடைய மேதைமை எனலாம். நெடுநேரம் சிந்தித்த பின்பே கித்தானை, அதாவது ஓவியம் தீட்டும் துணிப்பரப்பை, அணுகியதால் ஆண்டுக்கு ஒரு சில ஓவியங்களையே அவர் முடித்தார். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பும் இல்லை.

1971இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், எழுபதுகளின் தொடக்கத்தில் தில்லிக்குக் குடிபெயர்ந்து, திருமணம் செய்துகொள்ளாமல், கலைக் குழுக்களிலிருந்தும் விலகி வாழ்ந்தார். 1984இல் நேர்ந்த விபத்தில் காயமுற்றதால் பெரிய கித்தான்களில் பணியாற்ற இயலாதுபோகவே, சில ஆண்டுகள் தாளில் மையால் சிறிய கோட்டோவியங்கள் வரைந்தார். வண்ணத்தின் துணையின்றித் தனித்து நிற்கும் அக்குறிகள், இடைக்கால முயற்சி என்று ஒதுக்கத்தகாதவை. அவருடைய கையின் உறுதியை அவற்றிலேயே மறைப்பின்றிக் காண முடிகிறது. எண்பதுகளின் இறுதியில் மீண்டும் எண்ணெய் வண்ணத்துக்குத் திரும்பிய அவர் 10 ஆகஸ்ட் 2001 அன்று காலமானார்.

பரவலான புகழ் மறைவுக்குப் பின்பே வந்தது. 2013இல் மும்பையில் நடந்த ஏலத்தில் அவருடைய ஓவியமொன்று 23.7 கோடி ரூபாய்க்கு விலைபோய், நவீன இந்திய ஓவியத்துக்கு அதுவரை கிடைத்த மிக உயர்ந்த விலையாயிற்று. ஆய்வுநோக்கில் அதனினும் முக்கியமானது, 2014–15இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியாகும். பல தனியார் சேகரிப்புகளில் சிதறிக் கிடந்த அவருடைய படைப்புகளைக் கால வரிசையில் ஒருசேரக் காணும் வாய்ப்பை அது அளித்தது.