பயப் பட்டியல் போடிக்கு வந்த வழி

பார்த்தால் ஒரு சாதாரணத் தாள். இடப்பக்கம் பயம் வரும் சூழல்கள், வலப்பக்கம் 0 முதல் 100 வரை மதிப்பெண். லேசான பயம் அடியில், உயிர் போகிற பயம் உச்சியில். நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாமல் தவிப்பவர்களுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், அதாவது சிபிடியில், பாதி வேலையைச் செய்வது இந்தத் தாள்தான்.

இதற்கு முன்னோடி ஒரு முயல். 1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்பவர், முயலைக் கண்டாலே அலறிய பீட்டர் என்ற சிறுவனைச் சாப்பிட உட்கார வைத்து, கூண்டு முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான். இந்த முறையைப் படிப்படியான பட்டியலாக்கியவர் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப். போரில் மனம் குலைந்த சிப்பாய்களுக்கு அன்றைய வைத்தியம் பலிக்காததைப் பார்த்தவர், பூனைகளிடம் போனார். மின்னதிர்ச்சி வாங்கிய அறையில் பூனை தீனியைத் தொடாது. அந்த அறையின் சாயல் சற்றே உள்ள வேறோர் அறையில் தின்னும். பிறகு சாயல் கூடிய இன்னோர் அறை. இப்படியே பழைய அறைக்கே கொண்டுவந்துவிட்டார். 1958இல் புத்தகம் வந்தது. 0–100 மதிப்பெண்ணும் அவர் வழி வந்ததே.

அதற்கும் முன்னால், 1930களில், நியூயார்க்கில் ஓர் இளைஞன் தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டான். பெண்களிடம் பேசவே நடுங்கியவன், தாவரவியல் பூங்கா பெஞ்சுகளில் தனியாக உட்கார்ந்திருந்த நூறு பேருக்கு மேல் வலியப் போய்ப் பேசினான். ஒரே ஒருத்தி மறுபடி சந்திக்க ஒப்புக்கொண்டாள், அவளும் வரவில்லை. ஆனால் பயம் போய்விட்டது. அவன்தான் பின்னாளில் புகழ்பெற்ற ஆல்பர்ட் எல்லிஸ். தன்னிடம் வந்தவர்களை அவர் ரயிலில் ஏற்றி, ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் உரக்கக் கத்தச் சொல்வார். 1960களில் பிலடெல்பியாவில் ஆரோன் பெக், பயத்துக்கு அடியில் ஓடும் எண்ணத்தையும் எழுதச் சொன்னார். தாளில் ஒரு பத்தி கூடியது.

வேடிக்கை என்னவென்றால், மனிதர்களைக் கண்டு வரும் பயத்தை மருத்துவ உலகம் தனி நோயாகப் பார்க்க வெகுகாலம் ஆயிற்று. 1966இல் லண்டனில் ஐசக் மார்க்ஸும் மைக்கேல் கெல்டரும், விலங்குப் பயம் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிட, இது பருவ வயதுக்குப் பிறகே தலைகாட்டுகிறது என்று பிரித்துக் காட்டினார்கள். 1980இல்தான் அமெரிக்க மனநோய்ப் பட்டியலில் இதற்கு இடம் கிடைத்தது. 1987இல் மைக்கேல் லீபோவிட்ஸ் 24 சூழல்களைக் கொண்ட வினாத்தாளைத் தந்தார்.

அந்த 24ஐ வைத்துக்கொண்டு, தேனிப் பக்கத்து மலையடிவார ஊரான போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். ‘பார்ட்டி கொடுப்பது’, ‘வாங்கிய பொருளைக் கடையில் திருப்பித் தருவது’ என்றெல்லாம் கேட்கிறது. முன்பின் தெரியாதவரைக் காதல் நோக்கில் நெருங்கிப் பேசுவதும் உண்டு. போடித் தெருவில் அதற்குப் பயப்படாதவனுக்குத்தான் வைத்தியம் தேவை! அதிகம் பழகாதவரை நேருக்கு நேர் பார்ப்பது என்கிறது. பெரியவர்கள் முன் பார்வையைத் தாழ்த்துவது இங்கே மரியாதை. இந்த ஊரின் பயங்கள் வேறு. மொய் எழுதும் மேசையில் பெயரையும் ஊரையும் உரக்கச் சொல்வது. விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் போடிமெட்டு மலைக்கு ஏறும் ஜீப்பில், முன்னரே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரின் பார்வைக்கு நடுவில் ஏறுவது. ஏலக்காய்த் தோட்டத்தில் கூலிக் கணக்கில் குறை இருந்தால் கேட்பது. பெண் பார்க்க வந்தவர்கள் முன் காபித் தட்டோடு நிற்பது. பஸ்ஸில் “அண்ணே, இறங்கணும்” என்று ஒரு சத்தம் போடுவது. சத்தம் போட முடியாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பவர்களுக்கு எல்லிஸின் ரயில் பாடம் உடனே புரியும்.

தாள் இந்தியாவுக்கு வந்தது பயிற்சி நிறுவனங்கள் வழியாக. 1950களில் பெங்களூரில் ஒரு மனநல நிறுவனத்தில் மருத்துவ உளவியல் பயிற்சி தொடங்கியது. அந்த நிறுவனமே பின்னர் நிம்ஹான்ஸ் ஆனது. 1982இல் தேசிய மனநலத் திட்டம், 1996இல் மாவட்டத் திட்டம். இன்று போடிக்காரர் தேனிக்கு வந்து, மதுரைச் சாலையில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் மனநலப் பிரிவு இருக்கிறது. சிக்கல், நேரம் கிடைப்பதில்தான். பிரிட்டனின் 2013 வழிகாட்டுதல் சொல்வது சுமார் 14 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். ஒரு நாள் மலையேறாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. எனவே, என் எண்ணத்தில், இங்கே தாள் மருத்துவமனை அறையில் தங்கக் கூடாது. டீக்கடைக்கு வர வேண்டும்.

எப்படி என்று பார்க்க, ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதும் ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். நாலு பேர் முன் டீ குடித்தால் கை நடுங்குமோ என்ற பயம். கிளாஸை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பான், பாதி டீதான் கேட்பான், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் சொன்னது இதைத்தான்: தப்பிக்கச் செய்யும் இந்தத் தந்திரங்களே பயத்துக்குத் தீனி. இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் கூடும். சுவரைப் பார்த்தால் பிறர் முகம் தெரியாது, கற்பனை முகம்தான் தெரியும். ஆகவே தாளில் முதலில் கணிப்பை எழுத வேண்டும்: ‘எல்லாரும் பார்ப்பார்கள், நக்கல் பண்ணுவார்கள், 90.’ பிறகு முழு கிளாஸ், ஒரே கை, தளர்ந்த பிடி, கண் வெளியே. அடுத்த படியில், வேண்டுமென்றே கொஞ்சம் சிந்த வேண்டும். அதன் பிறகு சிகிச்சையாளர் கேட்பார்:

“எத்தனை பேரு பாத்தாங்க தம்பி?”

“ஒருத்தர் பாத்தார் சார். துணி எடுத்துக் குடுத்துட்டு, இன்னைக்கு ஏலத்துல என்ன விலை போச்சுன்னு கேட்டார்.”

அந்தப் பதிலையும் தாளில் எழுதி, 90க்குப் பக்கத்தில் புது மதிப்பெண் போட வேண்டும். தைரியம் சொல்வதற்கும் சிபிடிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: கணிப்பையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

கூச்சம் எல்லாமே நோயல்ல. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ பிழைப்பையோ கல்யாணத்தையோ கெடுத்தால்தான் சிகிச்சை. அப்படி இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416இல் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். ஆனால் லீபோவிட்ஸின் முதல் கேள்வியே பிறர் முன்னால் போன் பேசுவது பற்றியது. ஆகவே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எண்ணை அழுத்திக் கொடுங்கள், க.விலக்குக்குத் துணைக்குப் போங்கள், ஓ.பி. சீட்டும் வாங்கித் தாருங்கள். மருத்துவர் முன்னால் மட்டும் அவருக்காக நீங்கள் பேசாதீர்கள்.