சேலத்தில் இருந்து துபாய், சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? டிக்கெட் நேரத்தை பார்த்து ஏமாறாதீங்க!

சேலம்:

அஸ்தம்பட்டி சுற்று வட்டாரத்தில் இருந்து வெளிநாட்டு வேலைக்கு கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரம் பறக்கணும்?" என்பதுதான்.

வான்வழியில் கோடு போட்டால் சேலத்தில் இருந்து துபாய் சுமார் 2 ஆயிரத்து 800 கி.மீ. சிங்கப்பூர் சுமார் 3 ஆயிரத்து 100 கி.மீ. சென்னையில் இருந்து பார்த்தால் இரண்டுமே ஏறத்தாழ 2 ஆயிரத்து 900 கி.மீ.தான். ஒன்று மேற்கே, மற்றது கிழக்கே. இரண்டுக்கும் 4 மணி நேரத்துக்கு சற்று கூடுதலாக ஆகும்.

1993-ல் திறக்கப்பட்ட காமலாபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 6 ஆயிரம் அடி. இதில் இறங்குவது ஏ.டி.ஆர். ரக சின்ன விமானங்கள். சேவை பலமுறை நின்று, கடைசியாக 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. இங்கிருந்து சென்னை 265 கி.மீ. டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரம்தான். மீதி ஓடுபாதையில் ஊர்ந்து போகும் நேரம்.

குழப்பும் கடிகாரம்

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். துபாய் நம்மை விட ஒன்றரை மணி நேரம் பின்னால். சென்னையில் காலை 10 மணிக்கு ஏறினால் அங்கு பகல் 12.45-க்கு இறங்கலாம். பார்ப்பதற்கு 2.45 மணி நேரம், பறந்தது 4.15 மணி நேரம். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் அங்கே கணக்கு தலைகீழ். துபாயில் இருந்து திரும்பும்போது மேல்காற்று முதுகில் தள்ளுவதால், கால் மணி, அரை மணி சீக்கிரமே வந்து விடுவதும் உண்டு.

இதை விட பெரிய ஆபத்து நள்ளிரவு விமானம். டிக்கெட்டில் 12-ந்தேதி 00.30 என்று இருந்தால், 11-ந்தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 12-ந்தேதி ராத்திரி சாவகாசமாக போய் நின்றால் விமானமும் போச்சு, கடன் வாங்கி கட்டிய பணமும் போச்சு. புது ஆள் என்றால் ஏஜெண்டிடம் எந்த ராத்திரி என்று வாய்விட்டு கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எந்த ஊரில் ஏறலாம்?

சேலத்தில் இருந்து சென்னைக்கு ரோட்டில் 340 கி.மீ., பஸ்சில் 6 மணி நேரமாவது ஆகும். திருச்சி, கோவை இரண்டும் 3 மணி நேர தூரம்தான். சிங்கப்பூருக்கு திருச்சியில் இருந்தே நேரடி விமானம் உண்டு. பெங்களூரு என்றால், விமான நிலையம் ஊரைத் தாண்டி தேவனஹள்ளியில் இருக்கிறது. நகர டிராபிக்குக்கு தனியாக நேரம் ஒதுக்கணும்.

காமலாபுரத்தில் ஏறி சென்னையில் மாறுகிறவர்கள் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது. தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது கம்பெனி பொறுப்பு ஏற்காது. வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் ஒரு மணி நேரத்துக்கு முன்பே கவுண்ட்டரை மூடி விடுகின்றன என்பது குறிப்பிடத்தக்கது.