கம்பி எங்கே அறுந்தது?

சென்ற மாதம் ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு இணையம் நின்றுபோனது. அன்றைக்கென்று பார்த்து, பிரான்சில் இருக்கும் என் அண்ணனுக்கு அறுவை சிகிச்சை. முடிந்ததும் வீடியோவில் கூப்பிடுவதாக அண்ணி சொல்லியிருந்தார்கள். அழகர்கோவில் மலையடிவாரத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் செல்போன் சிக்னல் மொட்டை மாடிக்குப் போனால்தான் ஏதோ கிடைக்கும், அதுவும் பேசுவதற்கு மட்டும். வெளிநாட்டுக்குப் பேசும் வசதி என் போனில் கிடையாது.

சுவரில் மாட்டியிருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது. அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். பிறகு பெட்டியின் பின்னால் இருந்த சிறு துளைக்குள் குண்டூசியை விட்டு அழுத்தினேன். யாரோ எப்போதோ சொன்ன வைத்தியம். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

தூக்கம் வராமல் கிடந்தபோது, புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலம் நினைவுக்கு வந்தது. தொலைபேசி கெட்டுவிட்டால் பிரெஞ்சில் 'ஆன் தெரான்ஜ்மான்' என்பார்கள். ஒழுங்கு குலைந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கே குலைந்தது என்பதை அந்தச் சொல் சொல்லாது. ஆனால் கம்பி வழியாகச் செய்தி போக ஆரம்பித்த நாள் முதல் எல்லாரும் திண்டாடியது அந்த 'எங்கே' என்பதற்குத்தான்.

நம் நாட்டில் தந்தியைக் கொண்டுவந்தவர் ஓஷானஸி என்ற டாக்டர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 1839-லேயே 21 மைல் கம்பி இழுத்துச் சோதனை செய்து பார்த்தார். கம்பெனியார் அப்போது கண்டுகொள்ளவில்லை. டல்ஹௌசி காலத்தில்தான் வழி பிறந்தது. 1855 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறந்தபோது கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மதராஸ் நான்கும் கம்பியால் இணைந்திருந்தன. ஐரோப்பாவில் போடுவது போன்ற மெல்லிய கம்பியை அவர் இங்கே போடவில்லை. கனமான இரும்புக் கம்பியைப் போட்டார். நம் ஊர்க் குரங்குக் கூட்டமும் பெரிய பறவைகளும் ஏறி உட்கார்ந்தாலும் அது தாங்கியது. ஊர் அறிந்த மனிதர்!

பள்ளியில் 'வீட்ஸ்டன் பாலம்' என்று ஒரு சோதனை செய்ய வைத்தார்கள். நான்கு மின்தடைகள், நடுவில் ஒரு முள். முள் நடுவில் நின்றால் மதிப்பெண். அது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, தந்திக்காரர்கள் பழுதைத் தேடியதே இதை வைத்துத்தான் என்று. ஒரு மைல் கம்பிக்கு மின்தடை எவ்வளவு என்று முன்பே குறித்து வைத்திருப்பார்கள். கம்பி எங்கோ தரையைத் தொட்டுவிட்டால், ஆபீஸில் உட்கார்ந்தபடியே தடையை அளந்து வகுத்துப் பார்ப்பார்கள். எத்தனையாவது மைல் என்று விடை வந்துவிடும். ஆள் அங்கே போனால் போதும்.

இப்படி அளக்காமல் அவசரப்பட்ட ஒருவரும் உண்டு. 1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் முதல் கேபிள் வேலை செய்தது. விக்டோரியா ராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய 98 வார்த்தைச் செய்தி போய்ச் சேர 16 மணி நேரம் ஆயிற்று. சமிக்ஞை மங்கிக்கொண்டே வந்தது. பொறுப்பில் இருந்த வைட்ஹவுஸ் (இவரும் ஒரு டாக்டர்தான்!) மின்சாரத்தைக் கூட்டினார். மேலும் கூட்டினார். சுமார் 2000 வோல்ட் வரை போனார். மூன்று வாரத்தில் கேபிள் அடியோடு செத்தது. கேபிள் முன்பே பழுதுதான் என்றாலும் சாகடித்தது அந்த வைத்தியம். என் குண்டூசி ஞாபகம் வந்து அந்த இருட்டிலும் எனக்கு வெட்கமாயிருந்தது.

காலையில் லைன்மேன் தம்பி வந்தார். பெட்டியைப் பார்த்தவுடனே, "சிவப்பு லைட்டு எரியுதுல்ல சார், அப்ப வீட்டுக்கு வெளிச்சமே வரல. கண்ணாடி வெளியில எங்கயோ போயிருச்சு" என்றார்.

கண்ணாடி என்றது கேபிளுக்குள் இருக்கும் மயிரிழை போன்ற இழையை. அதில் மின்சாரம் போவதில்லை, வெளிச்சம்தான் போகிறது. பெரிய கேபிள் அறுந்தால் ஒரு கருவியை வைத்து ஒளித் துடிப்பு ஒன்றை உள்ளே அனுப்புவார்களாம். அறுந்த முனையில் பட்டு ஒளி திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டால் தூரம் தெரியும். கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கில் திரும்பினால் பழுது ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. அந்தத் தந்தி ஆபீஸ் கணக்கேதான்.

எங்கள் தெருவுக்கு அத்தனை கருவி வேண்டியிருக்கவில்லை. தம்பி ஒவ்வொரு கம்பமாகப் பார்த்துக்கொண்டே போனார். மூன்றாவது கம்பத்துக்கும் புளிய மரத்துக்கும் நடுவில் கேபிள் மடங்கித் தொங்கியது. "நம்ம ஆளுகதான் சார்" என்று மேலே காட்டினார். நூபுர கங்கைக்குப் போகும் பக்தர்களிடம் பழத்தைப் பிடுங்கித் தின்கிற கூட்டம், கேபிளில் ஊஞ்சல் ஆடியிருக்கிறது. 2015-இல் வாரணாசியிலும் இதே கதை. கங்கைக் கரையில் இழுத்த கண்ணாடி இழைக் கேபிள்களைக் குரங்குகள் கடித்துத் தின்றுவிடுகின்றன என்று செய்தி வந்தது. ஓஷானஸி இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அரை மணியில் இழையை ஒட்டியாயிற்று. சிவப்பு அணைந்து பச்சை வந்தது. இணையம் மட்டும் வரவில்லை.

"சார், பின்னாடி ஊசி எதுவும் விட்டீங்களா?"

ஒப்புக்கொண்டேன். குண்டூசி, பெட்டிக்குள் பதிந்திருந்த பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டதாம். கம்பம் ஏற அரை மணி, நான் கெடுத்ததைச் சரிசெய்ய ஒன்றரை மணி. ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டு எல்லாவற்றையும் மறுபடி பதித்தார். காபி கொடுத்து அனுப்பினேன்.

பதினொரு மணிக்கு அண்ணியின் செய்தி திரையில் விழுந்தது. முந்தின இரவே அனுப்பியது. "நல்லபடியா முடிஞ்சுது. கண் முழிச்சதும் உங்களைத்தான் கேட்டார்."