ஒரு மொழி, மூன்று வாசல்கள்

கணினித் திரையோடு நின்றுவிடும் மென்பொருளை எழுதுவது ஒரு வேலை. கணினிக்கு வெளியே கம்பியில் இணைந்திருக்கும் கருவியை இயக்கும் மென்பொருளை எழுதுவது வேறு வேலை. அம்மென்பொருள் விண்டோஸ், மெக்கின்டாஷ், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்க வேண்டுமானால் எந்த நிரல்மொழியைத் தேர்ந்தெடுப்பது? இக்கேள்விக்கு ஆர்டுயினோவின் வரலாறு நல்லதொரு பாடம்.

இத்தாலியின் வடபகுதியில் உள்ள இவ்ரியா, 1908ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒலிவெட்டி தட்டச்சு இயந்திர நிறுவனத்தின் ஊர். அங்கிருந்த வடிவமைப்புக் கல்லூரியில் மசிமோ பான்சி என்பவர் பாடம் நடத்தி வந்தார். மாணவர்கள் மின்னணுக் கருவிகளைச் செய்து பழக, அப்போது கிடைத்த பலகைகள் விலை மிகுந்தவை. மாணவர் பலரிடம் இருந்ததோ மெக்கின்டாஷ். மென்பொருள் ஒரே கணினிக்கு மட்டும் என்றால் வகுப்பில் பாதிப் பேர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

வழி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2001ஆம் ஆண்டு கேசி ரீஸும் பென் ஃபிரையும் ‘பிராசஸிங்’ என்ற மென்பொருளை ஜாவா மொழியில் தொடங்கினர். அதன் அடிப்படையில், கொலம்பியா நாட்டு மாணவர் எர்னாண்டோ பார்ரகான் 2003ஆம் ஆண்டு இவ்ரியாவில் ‘வயரிங்’கை உருவாக்கினார். 2005ஆம் ஆண்டு ஆர்டுயினோ பிறந்தது. அதன் கணினி மென்பொருளும் ஜாவாவிலேயே அமைந்தது.

ஒருமுறை எழுதினால் எங்கும் இயங்கும் என்பதே ஜாவாவின் பெருமை. திரையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. ஆனால் கருவியோடு பேசும் தொடர்முனையைத் திறக்க ஜாவாவின் அடிப்படை நூலகத்தில் வசதி இல்லை. விண்டோஸ் அம்முனைக்கு எண்ணிட்டு அழைக்கிறது. மற்ற இரண்டும் அதை ஒரு கோப்பாகக் காட்டுகின்றன. லினக்ஸில் பயனர் தனி அனுமதியும் பெற வேண்டியிருக்கும். ஆகவே, ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் சி மொழியில் தனித்தனியே எழுதப்பட்ட ‘ஆர்எக்ஸ்டிஎக்ஸ்’ நூலகத்தை ஆர்டுயினோ துணைக்கு அழைத்தது. பலகைக்குள் ஓடும் நிரலோ சி பிளஸ் பிளஸ். வீட்டின் முகப்பு ஒரு மொழி, பின்வாசல் வேறு மொழி.

காலம் மாறியது. 2018ஆம் ஆண்டு ஆர்டுயினோ, கருவிப் பணிகளைச் செய்யும் பகுதியை கோ மொழியில் தனியாக வெளியிட்டது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் நிறைவாக வந்த இரண்டாம் பதிப்பில் திரைப் பகுதி டைப்ஸ்கிரிப்ட் மொழியில் அமைந்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின் மொழி மாறினாலும், மூன்று இயங்குதளங்களின் வேறுபாட்டையும் ஏதோ ஒரு நூலகம் சுமக்க வேண்டும் என்ற நிலை மாறவில்லை.

இதில் இளையோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. எந்த மொழி புகழ்பெற்றது என்பது முதற்கேள்வி அன்று. பயன்படுத்துவோர் கையில் எந்தக் கணினி இருக்கிறது, கருவியின் வாசலைத் திறக்கும் நூலகம் அம்மூன்றிலும் இயங்குகிறதா, அதை இன்றும் யாராவது பராமரிக்கிறார்களா என்பவற்றை முதலில் கேட்க வேண்டும். அவற்றுக்கு விடை கிடைத்த பிறகு மொழியைத் தேர்ந்தெடுப்பது எளிது. விடை தேடாமல் மொழியைத் தேர்ந்தெடுத்தால், நிரல் முழுமையாக இருக்கும். கருவி மட்டும் அசையாது.