ஆன்லைனில் கிரிமினாலஜி: வேலை கிடைக்குமா, பதவி உயர்வு வருமா?

வேலையை விடாமல் வீட்டில் இருந்தே படித்து காவல், சிறை, சைபர் புலனாய்வு போன்ற துறைகளுக்குள் நுழையலாம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

கிரிமினாலஜி என்றால் என்ன?

குற்றம் ஏன் நடக்கிறது, தண்டனை பலன் தருகிறதா, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கிறது என்று ஆராயும் சமூக அறிவியல் இது. கைரேகை, டிஎன்ஏ எல்லாம் தடய அறிவியல். பாரதிய நியாய சன்ஹிதா போன்றவை குற்றவியல் சட்டம். தமிழில் 'குற்றவியல்' என்ற சொல் பல இடங்களில் புழங்குவதால், தடயவியல் வேலையை நினைத்து கிரிமினாலஜியில் சேர்பவர்கள் உண்டு. அந்த வேலைக்கு ஆய்வகப் பயிற்சியுடன் கூடிய அறிவியல் பட்டம் வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

இக்னோ, குற்றவியல் நீதியில் முதுநிலை டிப்ளமோவை தொலைநிலைக் கல்வியாக நடத்துகிறது. பட்டதாரிகள் சேரலாம், குறைந்தபட்ச காலம் 1 ஆண்டு. காசு செலவழிக்காமல் பாடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, யுஜிசியின் இ-பிஜி பாடசாலை தளத்தில் கிரிமினாலஜி பாடங்கள் இருக்கின்றன. நேரில் படிக்க நினைத்தால் சென்னைப் பல்கலைக்கழகம், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், மும்பை டிஸ் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை.

வேலைக்கு உதவுமா?

நேரடியான பதில்: பெரும்பாலான அரசுப் பணிகளுக்கு இந்தப் பட்டம் கட்டாயம் இல்லை. ஐபிஎஸ்ஸுக்கும் தமிழ்நாட்டில் எஸ்.ஐ. தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். சிறார் நீதிச் சட்டம் 2015-ஐப் பாருங்கள். சிறார் நீதி வாரியத்தின் சமூகப் பணியாளர் உறுப்பினராக, குழந்தைகள் நலனில் 7 ஆண்டு அனுபவம் வேண்டும். அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் ஒன்றில் பட்டம் பெற்று தொழில் செய்பவராக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் கிரிமினாலஜி என்ற பெயரே இல்லை.

அப்படியென்றால் யாருக்குப் பயன்? கல்லூரி ஆசிரியராக விரும்புபவர்களுக்கு யுஜிசி நெட் தேர்வில் கிரிமினாலஜி தனிப் பாடமாகவே இருக்கிறது. சிறைச் சீர்திருத்தம், சட்ட உதவி சார்ந்த தொண்டு அமைப்புகளிலும் இந்தப் படிப்பு கைகொடுக்கும். அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை: 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். சைபர் குற்ற வழக்குகளும் 2021-இல் 52,974 என்பதிலிருந்து 2022-இல் 65,893 ஆக உயர்ந்தன என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். ஆனால் சைபர் புலனாய்வுக்கு கிரிமினாலஜி மட்டும் போதாது. கணினித் திறனும் சேர்ந்திருந்தால்தான் மதிப்பு.

ஏற்கெனவே துறையில் இருப்பவர்களுக்கு?

டிப்ளமோ வாங்கிவிட்டால் தானாகப் பதவி உயர்வு வந்துவிடாது. காவல் துறையில் பணி மூப்பு, துறைத் தேர்வு, பணிப் பதிவேடு இவைதான் தீர்மானிக்கும். ஆனால் பத்தாம் வகுப்பு தகுதியில் சேர்ந்த காவலருக்கு இளநிலைப் பட்டம் பெரிய திறப்பு. தமிழ்நாட்டில் எஸ்.ஐ. தேர்வில் துறையினருக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் பட்டம் தேவை. பிளஸ் டூ முடிக்காமல் நேரடியாகப் பட்டம் வாங்கினால் செல்லாது, 10+2+3 வரிசை முக்கியம்.

சேரும் முன் 4 கேள்விகள்

1. அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டுக்கு, யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் அங்கீகாரம் இருக்கிறதா? இருந்தால் அது நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்கிறது 2020 விதிமுறை. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தால் போதாது, படிப்பின் பெயரும் இருக்க வேண்டும்.

2. சட்டப் பட்டத்தை ஆன்லைனில் தருவதாகச் சொல்கிறார்களா? விலகிவிடுங்கள். எல்எல்பி-யை தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்த அனுமதி இல்லை.

3. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமா? அந்த ஆன்லைன் பட்டத்துக்கு இங்கே சமநிலைச் சான்று கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4. அரசு ஊழியரா? சேரும் முன்பே துறையின் அனுமதியை வாங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் குறிவைக்கும் பதவியின் பழைய அறிவிக்கையை எடுத்து, கல்வித் தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள். அதில் கிரிமினாலஜி என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க பத்து நிமிடம் போதும். கட்டணம் கட்டிவிட்டுப் பார்ப்பதைவிட அது லாபம்.