பரணில் கிடக்கும் ரவுட்டர்

எங்கள் வீட்டுப் பரணில் பழைய குக்கருக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் நடுவே ஒரு சிஸ்கோ 2501 ரவுட்டர் கிடந்தது. மாமாவுடையது. போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அம்மா, "இதை எடைக்குப் போட்டுடவாடா?" என்று கேட்க, மாமா பதறிப்போய் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த இரும்புப் பெட்டிக்கு என்ன இவ்வளவு மரியாதை என்று தோண்டியதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை. நானும் அதே சி.சி.என்.ஏ. பரீட்சைக்குத்தான் படிக்கிறேன் என்பதால் கொஞ்சம் சுயநலமும் உண்டு :)

ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் எந்த வழியாகப் போகவேண்டும் என்று முடிவு செய்யும் பெட்டிதான் ரவுட்டர். தமிழில் திசைவி. தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகள் பெயரில் அமைந்த ஊரில் உட்கார்ந்து 'ரவுட்டர்' என்று எழுதுகிறேன், அடிகளார் மன்னிக்கட்டும்.

சிஸ்கோ 1984-ல் தொடங்கியது. 1993-ல் சி.சி.ஐ.ஈ. என்ற சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். அப்போது அது இரண்டு நாள் செய்முறைத் தேர்வு. தேறியவர்களுக்கு வரிசை எண் தருவார்கள், ஆனால் எண்ணிக்கை 1-ல் தொடங்காமல் 1024-ல் தொடங்கும். கம்ப்யூட்டர்காரர்களின் குசும்பு! அந்த 1024-ஐயும் தேர்வு நடக்கும் ஆய்வகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கீழ்ப்படியான சி.சி.என்.ஏ. வந்தது 1998-ல். காலேஜ் முடித்தவன், முடிக்காதவன் யார் வேண்டுமானாலும் பணம் கட்டி எழுதலாம். நம்மூரில் அது பற்றிக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

படிக்கப் புத்தகம் கிடைத்தது. டாட் லாம்லியின் தடிமனான புத்தகத்தை பி.பி.பி. பதிப்பகம் இந்திய விலையில் போட்டது. சிக்கல் புத்தகத்தில் இல்லை, பெட்டியில். ரவுட்டரைத் தொடாமல் ரவுட்டர் படிப்பது, குளத்தில் இறங்காமல் நீச்சல் படிப்பது மாதிரி. புது ரவுட்டரின் விலையோ மாதச் சம்பளக்காரர் நினைத்தே பார்க்க முடியாதது. அதனால் கேள்வித்தாள்களை எங்கிருந்தோ இறக்கி, மனப்பாடம் செய்து தேறியவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவிலேயே மைக்ரோசாஃப்ட் சான்றிதழ் வாங்கியவர்களை 'பேப்பர் எம்.சி.எஸ்.ஈ.' என்று கிண்டல் செய்தார்கள். கையில் பேப்பர் இருக்கும், வேலை தெரியாது.

மாமா அப்போது மறைமலை நகர் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ். 1999-ல் ஃபோர்டு இகான் இங்கிருந்து வெளிவந்தது முதல் ஊரே கார்களை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு ஐ.டி. பக்கம் போக ஆசை. 2007-ல் செங்கல்பட்டு லோக்கலில் ஏறி, எழும்பூரில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட் வரை நடந்து இந்த 2501-ஐ வாங்கி வந்தார். ஏதோ அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பெட்டி. இதில் ஈதர்நெட் துளை இன்றைய கேபிளுக்குப் பொருந்தாது, 15 பின் கொண்ட பழைய வகை. அதற்குத் தனியாக ஒரு டிரான்சீவர் வாங்க இன்னொரு நடை. ஒரே ரவுட்டர் யாருக்கு வழிகாட்டும்? நண்பர் ஒருவரும் ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டையும் சீரியல் கேபிளால் கோத்தார்கள்.

2008-ல் மின்வெட்டு ஆரம்பித்தது. ரவுட்டரில் நாம் தட்டுவது எல்லாம் தற்காலிக நினைவில்தான் நிற்கும். 'காப்பி ரன் ஸ்டார்ட்' என்று அடித்துச் சேமிக்காவிட்டால் கரண்ட் போன நொடியில் காலி. இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்து ராத்திரி இரண்டு மணி வரை தட்டியதை எத்தனையோ முறை இழந்திருக்கிறாராம். "அந்த கட்டளை மட்டும் தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்டா" என்கிறார்.

இதற்குள் வேறொரு பக்கம் கதை மாறிவிட்டிருந்தது. கிறிஸ்டோஃப் ஃபியோ என்பவர் 2005-ல் டைனமிப்ஸ் என்ற மென்பொருளை எழுதினார். சாதாரண பி.சி.க்குள் சிஸ்கோ 7200 ரவுட்டர் இருப்பதுபோல நடித்துக் காட்டும். அதன் மேல் படம் வரைந்து இணைக்கும் வசதியோடு ஜி.என்.எஸ்.3 வந்தது. 'ஐடில் பி.சி.' என்ற எண்ணைச் சரியாகப் போடாவிட்டால் கம்ப்யூட்டர் 100 சதவீதம் உழைத்து மூச்சு வாங்கும். ரவுட்டர் மென்பொருளை மட்டும் நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். அதற்கு எத்தனை பேர் உரிமம் வைத்திருந்தார்கள் என்று கேட்காதீர்கள். என் தலைமுறைக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. சிஸ்கோவே கொடுக்கும் பாக்கெட் டிரேசரில் மவுஸால் இழுத்துப் போட்டால் பத்து ரவுட்டர்.

மாமா 2009-ல் இரண்டாவது முயற்சியில் தேறினார். சான்றிதழின் ஆயுள் மூன்று வருஷம். 2012-ல் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் என் அத்தைக்குப் பிரசவம், பணம் அங்கே போனது. 2022-ல் ஃபோர்டில் உற்பத்தி நின்றபின் மாமாவின் கம்பெனியும் ஆளைக் குறைத்தது. ஒரகடத்தில் ஒரு நேர்முகத்துக்குப் போனார். கேட்டதை எல்லாம் பலகையில் வரைந்து காட்டியிருக்கிறார். கடைசியில் சான்றிதழில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு மெயின்டனன்ஸ் வேலையே கொடுத்தார்கள். இன்று அந்தத் தொழிற்சாலையின் ரோபோக்களும் பி.எல்.சி.களும் ஈதர்நெட்டில்தான் பேசுகின்றன. சுவிட்ச் படுத்தால் கூப்பிடுவது மாமாவைத்தான். சம்பளம் மட்டும் மெயின்டனன்ஸ் சம்பளம்.

2020-ல் கொரோனா வந்தபோது பரீட்சையே வீட்டுக்கு வந்துவிட்டது. கேமரா முன் தனி அறையில், காலி மேஜையில் எழுதலாம், யாரும் உள்ளே வரக்கூடாது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு அறை இல்லை என்பதால் நான் மையத்துக்கே போகப்போகிறேன். கட்டணம் 300 டாலர், வரியோடு 30,000 ரூபாய் பக்கம்.

2024 செப்டம்பரில் சிஸ்கோவும் ஃபிளெக்ஸும் சேர்ந்து சென்னைப் பகுதியில் ரவுட்டர் தயாரிப்பைத் தொடங்கியதாகப் படித்து மாமாவிடம் சொன்னேன். "அப்போ எழும்பூர் போயிருக்க வேண்டாம்" என்று சிரித்தார்.

நேற்று ராத்திரி 2501-க்குக் கரண்ட் கொடுத்தோம். விசிறி கடகடவென்று சுற்றியது. பழைய அமைப்பு எதுவும் மிச்சமில்லை. முதல்முறை அமைப்பைத் தொடங்கலாமா என்று திரையில் கேள்வி வந்தது. மாமா 'நோ' அடித்தார். பிறகு என்னைப் பார்க்காமலேயே பத்துப் பன்னிரண்டு கட்டளைகள் தட்டினார், கடைசியாகச் சேமித்தார். "அடுத்த மாசம் எந்தத் தேதிடா உனக்கு?" என்றார்.

சொன்னேன். காலண்டரில் அதற்கு மறுநாளை வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.