வேலை நேரத்தை யார் முடிவு பண்றாங்க?

முகப்பேர்லேர்ந்து இன்னொரு எபிசோட். இன்னைக்கு எடுத்துக்கிட்டது நம்ம வயசுல எல்லாரும் போடற ஒரு சண்டை. வெளிநாடு போறதா இருந்தா அமெரிக்காவா, ஐரோப்பாவா? நியூ ஜெர்சி போனவங்க சம்பளத்தைச் சொல்வாங்க. மியூனிக் போனவங்க லீவைச் சொல்வாங்க. கடைசியில யாராவது ஒருத்தர், "அமெரிக்கன் உழைப்பாளி, ஐரோப்பியன் வாழ்க்கையை ரசிக்கிறவன். அது அவங்கவங்க கல்ச்சர்"னு முடிச்சு வைப்பாங்க.

அந்தக் கடைசி வரியைத்தான் இந்த எபிசோடுல கேள்வி கேக்கப் போறேன். ஏன்னா வரலாறு வேற மாதிரி சொல்லுது. அந்த வரலாற்றுல நம்ம பெரம்பூருக்கும் ஒரு இடம் இருக்கு.

முதல்ல கணக்கு. ஓஈசிடி அமைப்பின் புள்ளிவிவரப்படி ஒரு அமெரிக்கர் சராசரியாக வருடத்துக்கு சுமார் 1,800 மணி நேரம் வேலை செய்கிறார். ஒரு ஜெர்மானியர் சுமார் 1,340. ஜெர்மனியில் பகுதி நேர வேலை அதிகம், அதுவும் இந்தக் கணக்குல சேர்ந்திருக்கு. அப்படியும் 460 மணி நேரம் வித்தியாசம். வாரம் 40 மணி நேரம்னு வெச்சா, பதினோரு வாரத்துக்கு மேல!

ஆனா 1970 வாக்கில் இந்த வித்தியாசமே இல்லை. அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பாவும் ஏறக்குறைய ஒரே அளவுதான் உழைத்தன. கல்ச்சர்தான் காரணம்னா, ஒரே தலைமுறைக்குள்ள கல்ச்சர் அப்படி மாறுமா? மாறியது வேற ஏதோ.

இன்னொரு வேடிக்கை. எட்டு மணி நேர வேலை நாளுக்கான மிகப் பெரிய போராட்டம் நடந்த இடமே அமெரிக்காதான். 1886 மே 1-ஆம் தேதி அங்கே லட்சக்கணக்கான தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று நாள் கழித்து சிகாகோவின் ஹேமார்க்கெட்டில் குண்டு வெடித்தது. அந்த வழக்கில் 1887-ல் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் உலகமே மே தினம் கொண்டாடுது. அமெரிக்காவோ 1894-ல் செப்டம்பர் மாதத்துக்கு ஒரு தொழிலாளர் தினத்தை வெச்சுக்கிட்டது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். முகப்பேர்லேர்ந்து பாடி, வில்லிவாக்கம் தாண்டினா பெரம்பூர். அங்கே இருந்த பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில்கள் அந்தக் காலத்துல ரொம்பப் பெரிய வேலை இடம். 1911-ஆம் வருடச் சட்டம் துணி மில்லில் ஆண்களுக்கு விதித்த உச்சவரம்பே ஒரு நாளைக்கு 12 மணி நேரம். மதியம் சாப்பிடக் கொடுக்கற இடைவேளை போதலைங்கிறதுதான் தொழிலாளிகளின் முதல் புகார்களில் ஒன்று. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம்னு இதைத்தான் சொல்றாங்க. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்னின்று தொடங்கினார்கள். பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க.வும் கூட நின்றார்.

அடுத்த வருடம் 1919 அக்டோபரில் வாஷிங்டனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு கூடியது. இந்தியத் தொழிலாளர் பிரதிநிதி என்.எம். ஜோஷி. அவருக்கு ஆலோசகராகப் போனவர் நம்ம பெரம்பூர் சங்கத்தின் வாடியா. மாநாட்டின் முதல் ஒப்பந்தமே தொழிற்சாலைகளில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான். ஆனா அதுல விதிவிலக்குகள் இருந்தன. ஜப்பானுக்கு 57 மணி நேரம். பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60. மாநாட்டை நடத்திய அமெரிக்காவோ அப்போ உறுப்பினரே இல்லை. 1934-ல்தான் அமைப்பில் சேர்ந்தது. அந்த ஒப்பந்தத்தை இன்று வரை ஏற்கவும் இல்லை.

ஆக, எட்டு மணி நேரம் உலகத்துக்குன்னு எழுதின அதே காகிதத்தில் நமக்கு மட்டும் வாரத்துக்கு 12 மணி நேரம் கூடுதல். அந்த 12 மணி நேரத்தைக் குறைக்க எவ்வளவு காலம் ஆச்சுன்னு பாருங்க. 1922 சட்டத்தில் 60 மணி நேரம். 1934-ல் 54. அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1946-ல்தான் 48. மொத்தம் 27 வருடம்.

சும்மா காத்திருந்த 27 வருடம் இல்லை அது. பின்னி நிர்வாகம் வாடியா மேலேயே வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. சங்கம் வைக்கிறதையே சட்டவிரோதமாகப் பார்க்க முடியும்னு அப்போதான் எல்லாருக்கும் உறைத்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு அந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். 1921-ல் மாதக்கணக்கில் நடந்த மில் வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் சாதி, மத வாரியாகப் பிளந்தார்கள், போராட்டம் தோற்றது. ரெண்டே வருடத்தில், 1923 மே 1 அன்று, சிங்காரவேலர் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையிலும் திருவல்லிக்கேணி கடற்கரையிலும் கூட்டம் நடத்தினார். இந்தியாவின் முதல் மே தினம் அதுதான்.

சரி, அமெரிக்காவும் ஐரோப்பாவும் எங்கே பிரிஞ்சாங்க? அமெரிக்காவில் 1933-ல் வாரம் 30 மணி நேர மசோதா செனட்டில் நிறைவேறியது, ஆனா சட்டமாகவில்லை. 1938 சட்டம் 40 மணி நேரத்தில் வந்து நின்றது. பிறகு இரண்டாம் உலகப் போர். சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு போட்டதால், கம்பெனிகள் ஆள் பிடிக்க மருத்துவக் காப்பீடு கொடுக்க ஆரம்பித்தன. அது அப்படியே நிலைச்சுப் போச்சு. வேலை போனா காப்பீடும் போகும் என்றால் யார் தைரியமா நேரம் பேசுவாங்க? கம்பெனி பக்கத்திலும், புதுசா ஒருத்தரைச் சேர்த்துக் காப்பீடு கட்டுவதைவிட இருப்பவரையே கூடுதல் நேரம் உட்கார வைப்பது லாபம்.

ஐரோப்பாவில் மருத்துவம் பொதுவாக ஒரு கம்பெனியோடு கட்டப்படவில்லை. சங்கங்கள் நேரத்தைப் பேசின. பிரான்ஸில் 1936 வேலைநிறுத்த அலைக்குப் பிறகு சட்டப்படி இரண்டு வார சம்பள விடுமுறை. அது 1956-ல் மூன்று, 1969-ல் நான்கு, 1982-ல் ஐந்து வாரம் ஆனது. ஜெர்மனியில் 1984-ல் ஐஜி மெட்டல் சங்கம் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து 40 மணி நேரச் சுவரை உடைத்தது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இன்றைக்கும் சம்பளத்தோடு லீவு ஒரு நாள்கூடக் கட்டாயம் இல்லை.

இதை அம்பத்தூரோடு ஒப்பிட்டுப் பாருங்க. டிஐ சைக்கிள்ஸ், டன்லப், பாடி லூகாஸ் டிவிஎஸ்னு பிரிட்டிஷ் தொடர்போட வந்த கம்பெனிகள் இருந்த பகுதி இது. 1948 தொழிற்சாலைச் சட்டப்படி இங்கே வேலை பார்த்தவங்களுக்கு வாரம் 48 மணி நேரம், ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளம், 20 நாள் உழைச்சா ஒரு நாள் சம்பள லீவு. எல்லாருக்கும் ஒழுங்கா கிடைச்சுதான்னு கேக்காதீங்க. காண்ட்ராக்ட் தொழிலாளிகிட்ட கேட்டா சிரிப்பாங்க. ஆனா கேட்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்புகளிலும் எட்டு மணி நேர நாளும் ரெட்டைச் சம்பளமும் தொடருது.

அதே எஸ்டேட்ல இப்போ ஐடி பார்க். அங்கே சங்கு ஊதாது. அமெரிக்க கிளையன்டுக்கு மத்தியானம் பன்னிரண்டுன்னா நமக்கு ராத்திரி ஒன்பதரை. நவம்பர்ல அவங்க கடிகாரத்தைத் திருப்பினா நம்ம கால் பத்தரைக்குத் தள்ளிப் போகும். எங்கேயோ ஒரு நாட்டின் கடிகாரம், முகப்பேர்ல நம்ம சாப்பாட்டு நேரத்தை மாத்துது. ஐரோப்பிய கிளையன்ட் ஆகஸ்ட்ல மூணு வாரம் லீவுல போனா, அந்த மூணு வாரமும் புரொடக்‌ஷனைப் பாத்துக்கறது நாமதான். அவங்க பேசி வாங்கின லீவோட ஒரு பங்கு நம்ம ராத்திரியில ஓடுது.

சட்டம் இல்லைன்னு சொல்ல முடியாது. 1947-ஆம் வருடக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமே நாளுக்கு 8, வாரத்துக்கு 48-னு சொல்லுது. ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம்னு 2016-ல் தமிழ்நாடு அரசே தெளிவுபடுத்தியது. ஆனா எங்க தளத்துல யாரையாவது கேட்டுப் பாருங்க, நம்மளை 'தொழிலாளி'னு சொன்னாலே ஒரு மாதிரி பாப்பாங்க. அமெரிக்கச் சட்டத்தில் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்கும் சாஃப்ட்வேர் இன்ஜினியருக்கு ஓவர்டைம் கிடையாதுன்னு தனிப் பிரிவே எழுதி வெச்சிருக்காங்க. இங்கே அப்படி எழுதவே வேண்டியதில்லை. நாமளே கேக்கறதில்லை.

கேட்டா நடக்குமான்னு ஒரு சந்தேகம் வரும். 2023 ஏப்ரல் 21-ல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம்ம சட்டமன்றத்தில் நிறைவேறியது. வார மொத்தம் 48 மாறாது, விருப்பம் இருந்தா மட்டும்னு அரசு சொன்னது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், திரும்பப் பெற்றுவிட்டதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலரின் மே தினத்துக்குச் சரியா நூறு வருஷம் கழிச்சு.

ஐரோப்பா சொர்க்கம்னு நான் சொல்லலை. அமெரிக்கச் சம்பளம் அதிகம், புது கம்பெனிகள் அங்கேதான் முளைக்குது. ஸ்பெயின்லயும் இத்தாலியிலயும் நம்ம வயசுக்காரங்க வேலை கிடைக்காம பல வருஷம் திண்டாடினாங்க. காசா, நேரமா என்பது நியாயமான கேள்விதான். ஆனா அதுக்குப் பதிலைக் கல்ச்சர் எழுதலை, மேசையில உட்கார்ந்து பேசினவங்க எழுதினாங்க. வாரம் 70 மணி நேரம், 90 மணி நேரம்னு பெரிய முதலாளிகள் நமக்கு அறிவுரை சொல்றதும் அந்தப் பேரத்தோட ஒரு பக்கம்தான். மறு பக்கத்து நாற்காலிதான் காலியா இருக்கு.

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை. உங்க ஆஃபர் லெட்டரை எடுத்து, வேலை நேரம்னு என்ன போட்டிருக்குன்னு படிங்க. 'பிசினஸ் தேவைக்கு ஏற்ப'னு இருக்கா, இல்லை ஒரு நம்பர் இருக்கா? கம்பெனி பேரை எடுத்துட்டு அந்த ஒரு வரியை மட்டும் எனக்கு அனுப்புங்க. வர்ற வரிகளை வெச்சு அடுத்த எபிசோடுல பேசுவோம்.